வில்சனின் சமாதானத் திட்டமும் இந்தியாவும்

முதல் உலகப் போர் முடிவுறாத நிலையில், 1918 ஜனவரி 8 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் 14 அம்சங்கள் கொண்ட சமாதானத் திட்டத்தை வெளியிட்டார். இரகசிய ஒப்பந்தங்களை ஒழித்தல், வர்த்தகத் தடைகளை அகற்றுதல், படைக்குறைப்பு, நாடுகளின் பொதுச் சங்கம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

இதற்கு முன்பே சென்னையிலிருந்து வில்சனுக்கு ஒரு கடிதம் சென்றிருந்தது. அன்னி பெசன்ட் அம்மையார் காவலில் வைக்கப்பட்டதை அடுத்து, 1917 ஜூன் 24 அன்று, சென்னை உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதி சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் அதனை எழுதினார். தன்னாட்சிக்கு உறுதி கிடைத்தால் மூன்றே மாதங்களில் 50 லட்சம் இந்தியர் போர்முனைக்கு முன்வருவர் என்றார் அவர். எண்ணிக்கை மிகைதான், கோரிக்கை மிகையன்று. 1918-இல் இந்தியா மந்திரி மாண்டேகு நாடாளுமன்றத்தில் அக்கடிதத்தைக் கண்டித்தபோது, 75 வயதான ஐயர் 'சர்', 'திவான் பகதூர்' ஆகிய பட்டங்களைத் துறந்தார்.

வில்சன் திட்டம் குடியேற்ற நாடுகளுக்கு அளித்தது என்ன? 'சுயநிர்ணயம்' என்ற சொல் அந்த 14 அம்சங்களில் இல்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1918 பிப்ரவரி உரையிலேயே வில்சன் அதனைக் கையாண்டார். ஐந்தாவது அம்சம், குடியேற்ற நாட்டு மக்களின் நலனையும் ஆளும் அரசின் உரிமைக் கோரிக்கையையும் சம எடையில் வைத்தது. நடைமுறையில் அது தோற்ற நாடுகளின் உடைமைகளுக்கே பொருந்தியது; ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி பிரிட்டனின் பொறுப்பாட்சிக்குள் வந்தது. வர்த்தகச் சமத்துவம் பேசிய திட்டத்தின் முடிவில், 1921-இல் ஜெர்மனியின் மீது 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு சுமத்தப்பட்டது.

பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கடந்து அனுப்பிய இந்தியா, சர்வதேச சங்கத்தின் தொடக்க உறுப்பினராயிற்று. ஆனால் 1919 ஜூன் 28 அன்று வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் இந்தியாவுக்காகக் கையொப்பமிட்டவர்கள் மாண்டேகுவும் பிகானீர் மகாராஜாவுமே. சங்கத்தின் சாசனம் பாரிஸில் ஏற்கப்பட்டது ஏப்ரல் 28-இல். ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்து அப்போது 15 நாட்களே ஆகியிருந்தன. அமெரிக்க செனட் சபையோ உடன்படிக்கையையே நிராகரித்தது. தாம் தோற்றுவித்த சங்கத்தில் தம் நாட்டைச் சேர்க்க வில்சனால் இயலவில்லை.

1945-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சாசனத்தில் இந்தியாவின் சார்பில் கையொப்பமிட்ட ஏ. ராமசாமி முதலியாரும் ஆங்கில ஆட்சி அனுப்பிய பிரதிநிதியே. ஆனால் இம்முறை, மக்களின் சுயநிர்ணயம் சாசனத்தின் முதல் ஷரத்திலேயே எழுதப்பட்டிருந்தது.