கம்பியைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள்

பிடோக்கில் வீவக வீட்டில் குடியிருந்துகொண்டு கிளைடர் ஓட்டுகிறேன் என்றால் சிரிக்கிறார்கள். நியாயம்தான். ஒரு பக்கம் சாங்கி, மறுபக்கம் பாய லேபார் விமானத்தளம். எஞ்சின் இல்லாத விமானத்துக்கு இங்கே வானமும் இல்லை, இறங்க வயலும் இல்லை. விடுப்பு கிடைத்தால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள பெனால்லாவுக்குப் போய்விடுவேன். 1987-ல் உலக கிளைடர் போட்டி நடந்த ஊர் அது.

ஏறுகாற்று ஓய்ந்துபோய், ஓடுபாதையும் எட்டாவிட்டால் ஏதாவது ஒரு வயலில் இறங்க வேண்டியதுதான். தொலைதூரம் பறப்பவர்களுக்கு இது சகஜம். இதில் விபத்து நடந்தால் எல்லோரும் வயலைக் குறை சொல்வார்கள். வயலைத் தேட ஆரம்பித்த நேரத்தை யாரும் கேட்பதில்லை.

எனக்குச் சொல்லித்தந்த கணக்கு இது. 2,000 அடி உயரத்தில், இறங்கத் தோதான பகுதிக்கு மேலே இருக்க வேண்டும். 1,500 அடியில் எந்த வயல் என்று முடிவாகியிருக்க வேண்டும். 1,000 அடியில் இறங்கும் சுற்று தொடங்கிவிட வேண்டும். அதன் பிறகு இறக்கையை ஏதோ ஒன்று லேசாகத் தூக்கிக்கொடுத்தாலும் ஆசைப்படக் கூடாது. இன்னொரு சங்கதி: உயரமானியைக் கிளம்பிய இடத்தில் பூஜ்யத்தில் வைத்திருந்தால், அது காட்டுவது அந்த இடத்தின் கணக்கை. கீழே இருக்கும் வயல் 300 அடி மேட்டில் இருக்கலாம்.

தாழ்வாக வந்தபின் ஒரு ஏறுகாற்றைப் பிடிக்கலாமென்று மெதுவாக வட்டமடிப்பதுதான் ஆளைக் கொல்கிறது. உள்பக்க இறக்கை தூக்குவிசையை இழக்கும், விமானம் சுழன்று விழும், மீட்க உயரம் இருக்காது. இறங்கும் வேகத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு: இறக்கை தூக்குவிசையை இழக்கும் ‘ஸ்டால்’ வேகத்தைப்போல ஒன்றரை மடங்கு, அதோடு காற்றின் வேகத்தில் பாதி. ஸ்டால் 36 நாட், எதிர்க்காற்று 12 நாட் என்றால் 60 நாட். சின்ன எஞ்சின் பொருத்திய கிளைடர்காரர்கள்மேல்தான் எனக்குக் கூடுதல் பயம். எஞ்சின் கிளம்பிவிடும் என்று கடைசிவரை காத்திருப்பார்கள். அது கிளம்பாமல் போகலாம். வெளியே நீட்டிய எஞ்சின் காற்றைத் தடுத்து இன்னும் வேகமாகக் கீழே இழுக்கும்.

சிங்கப்பூர்க்காரக் கண்ணுக்கு ஒரு தனிக் குறை உண்டு. நம் ஊரில் மின்கம்பியெல்லாம் பூமிக்கடியில் போகிறது. ஆஸ்திரேலியாவில் பண்ணைகளுக்கு ஒற்றைக் கம்பியில் மின்சாரம் போகும், ஒரு கம்பத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி மிக அதிகம். மேலிருந்து கம்பி தெரியவே தெரியாது. கம்பத்தையோ அதன் நிழலையோ தேடுங்கள். வீடு, கொட்டகை, தண்ணீர் பம்ப் எது இருந்தாலும் அதற்கு ஒரு கம்பி வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காரில் போகும்போதெல்லாம் வழியோர வயல்களைப் பார்த்து “இதில் கம்பி எங்கே?” என்று கேட்டுப் பழகினேன். சரிவும் அப்படித்தான், மேலிருந்து எளிதில் தெரியாது. மேலிருந்து பார்த்தே சரிவு என்று தெரிந்தால், அது இறங்கக்கூடாத சரிவு. லேசான சரிவென்றால் மேட்டை நோக்கி இறங்குங்கள்.

பச்சைப் பயிர் மெத்தைபோலத் தோன்றும். உயர்ந்த பயிரில் இறக்கை நுனி சிக்கினால் விமானம் பக்கவாட்டில் சுழன்று வால் முறியும். அறுவடை முடிந்த தாள்வயல் தேவலை. இறங்கியபின் ஓட இடம் போதாவிட்டால், கடைசி வேலியில் மெதுவாக மோதிக்கொள்ளலாம். முதல் வேலியில் வேகமாக மோதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இறங்கியதும் கிளப்புக்குப் போன், பிறகு விவசாயியைத் தேடிப் போய் ஒரு வணக்கம். விமானத்தை ஏற்றிப்போகும் டிரெய்லரை அவரிடம் கேட்ட பிறகே வயலுக்குள் ஓட்டுங்கள். கேட் மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். திறந்திருந்தால் அப்படியே விடுங்கள், மாடுகள் தண்ணீருக்குப் போகும் வழியாக இருக்கும்.