இரும்பைச் சுமக்கும் வண்டி



"கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்குது, தலை சுத்துது" என்று குழுக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். இது சோம்பல் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. இதற்கு முக்கியக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. உடம்புக்குள் இரும்பு எப்படிப் போகிறது என்று இந்த மாதம் படிப்போம்.

டிரான்ஸ்ஃபெரின் என்பது என்ன?

இரும்பு ரத்தத்தில் தனியாகப் போகாது. நம் கல்லீரல் செய்யும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம்தான் அதைச் சுமக்கும் வண்டி. ஒரு வண்டியில் இரண்டு இரும்பு அணுக்கள் ஏறலாம். எலும்பு மஜ்ஜையில் ரத்தச் சிவப்பணு உருவாகும் இடத்தில்தான் பெரும்பகுதி இறக்கப்படும். காலி வண்டி மறுபடி சரக்கு ஏற்ற வரும்.

கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் பார்க்கிறார்கள்?

ஆய்வுக்கூடத்தில் மனித டிரான்ஸ்ஃபெரினோடு ஒரு நொதியை ஒட்டவைக்கிறார்கள். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த காரமான ஒரு வேரிலிருந்து எடுப்பது அது. பிறகு ஒரு ரசாயனத்தைச் சேர்த்தால், டிரான்ஸ்ஃபெரின் போய்ச் சேர்ந்த இடம் மட்டும் பழுப்பாகத் தெரியும். எந்தச் செல் இரும்பை வாங்குகிறது என்று இப்படி அறியலாம். இது ஆராய்ச்சிக்கு மட்டுமே, மருந்து அல்ல.

நமக்கு என்ன பாடம்?

இரும்பு குறையும்போது முதலில் கல்லீரலில் உள்ள சேமிப்பு கரையும். உடம்பு வண்டிகளைக் கூட்டும். ஆனால் ஏற்றச் சரக்கு இருக்காது. கடைசியில்தான் ஹீமோகுளோபின் இறங்கும். மாத்திரை சாப்பிடும்போதோ ஹீமோகுளோபின் முதலில் ஏறும், சேமிப்பு பிறகுதான் நிரம்பும்.

அதனால் "12 வந்துடுச்சு, போதும்" என்று நிறுத்தக்கூடாது. அதன் பிறகும் ஏறக்குறைய 3 மாதம் சாப்பிடச் சொல்வது வழக்கம். டாக்டர் சொல்லும் வரை தொடர்வோம்.

நினைவில் வைப்போம்

* மாத்திரையோடு டீ, காபி வேண்டாம்.
* எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும்.
* மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையால் வருவது.
* மாதவிடாயில் ரத்தம் அதிகம் போனால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்வோம்.

குழுவில் பேசுவோம்

1. நம்மில் எத்தனை பேர் இந்த வருடம் ரத்தப் பரிசோதனை செய்தோம்?
2. மாத்திரையைப் பாதியில் நிறுத்தியது யார்? ஏன்?