லாசாலில் காற்றை அளக்க எந்த உணரி?

நுண்துகளை அளக்கும் மலிவு உணரிகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே முறையில் இயங்குகின்றன. சிறு விசிறி காற்றை உள்ளிழுக்க, லேசர் ஒளி துகள்களில் பட்டுச் சிதறுகிறது. சிதறிய ஒளியை வைத்துக் கருவி பிஎம் 2.5 எனும் நுண்துகள் அளவைக் கணிக்கிறது. துகளை அது நிறுப்பதில்லை. ஆகவே எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டே உணரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மொன்றியலின் லாசால் பகுதியில் கேள்விகள் மூன்று. முதலாவது காட்டுத்தீப் புகை: 2023 ஜூன் 25 அன்று ஐக்யூஎயார் நிறுவனத்தின் பட்டியலில் உலகப் பெருநகரங்களுள் மிக மோசமான காற்று மொன்றியலுடையது. இரண்டாவது குளிர்காலத்து விறகடுப்புப் புகை. மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளியிடும் அடுப்புகளை மொன்றியல் 2018 அக்டோபர் 1 முதல் தடைசெய்துள்ளது. ஆயினும் தெருவுக்குத் தெரு நிலைமை மாறக்கூடும். மூன்றாவது மெர்சியே பாலத்தையும் நியூமன் பெருந்தெருவையும் ஒட்டிய வாகனப் புகை. நகரசபையின் கண்காணிப்பு நிலையங்கள் துல்லியமானவை, ஆனால் மொன்றியல் தீவு முழுவதற்கும் மிகச் சிலவே.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஓரிடத்தில் நிற்கும் உணரியே ஏற்றது. பர்ப்பிள்எயார் நிறுவனத்தின் வெளிப்புறக் கருவிக்குள் இரண்டு லேசர் உணரிகள் உள்ளன; இரண்டும் முரண்பட்டால் பழுது உடனே தெரிந்துவிடும். மின்சாரமும் வைஃபையும் தேவை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் 2015இல் தொடங்கிய சென்சர் கொம்யூனிட்டி திட்டத்தின் கருவியை வாங்கிய உதிரிகளைக் கொண்டு வீட்டிலேயே பொருத்தலாம். செலவு குறைவு, பள்ளி மாணவருக்கு நல்ல பாடமும்கூட. ஆனால் உள்ளே ஓர் உணரியே இருப்பதால் பழுதைக் கண்டுபிடிப்பது கடினம்.

நடந்து அளக்க ஹாபிடாட்மாப் அமைப்பின் எயார்பீம் உகந்தது. கைபேசிச் செயலியோடு இணைந்து, அளவை இடத்தோடு சேர்த்து வரைபடத்தில் பதிகிறது. பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் பாதையையும் ராப்பிட்ஸ் பூங்காக் கரையையும் ஒப்பிட இதுவே வழி. பதிவை வீட்டு வாசலில் தொடங்கினால் முகவரி பொதுவெளிக்குப் போய்விடக்கூடும். தெருமுனையில் தொடங்குவது நல்லது.

மூன்றாவது கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வாகனப் புகைத் துகள்களில் மிகப் பெரும்பாலானவை 0.3 மைக்ரோமீட்டரிலும் சிறியவை. இந்த லேசர் உணரிகளுக்கு அவை ஏறக்குறையத் தென்படுவதே இல்லை. பாலத்தருகே எண் குறைவாக இருப்பதால் காற்று சுத்தம் என்று பொருளாகாது. அங்கே அளக்க வேண்டியது நைட்ரஜன் டைஆக்சைடு. ஆனால் மலிவான மின்வேதியியல் உணரிகள் ஓசோனையும் சேர்த்து உணர்ந்து குழம்புகின்றன. இந்தக் கேள்விக்கு நகரசபைத் தரவையே நம்புவது மேல்.

எந்தக் கருவியின் மூல எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈரப்பதத்தில் துகள்கள் நீரேறிப் பருப்பதால் எண் உயர்கிறது. பர்ப்பிள்எயாருக்கென அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஒரு சூத்திரம் வகுத்துள்ளது: மூல அளவை 0.524ஆல் பெருக்கி, ஈரப்பத விழுக்காட்டை 0.0862ஆல் பெருக்கிவரும் தொகையைக் கழித்து, 5.75 கூட்ட வேண்டும். மூல எண் 60, ஈரப்பதம் 70 என்றால் திருத்திய அளவு கனமீட்டருக்கு ஏறத்தாழ 31 மைக்ரோகிராம். கனடாவின் 24 மணி நேரத் தரம் 27 என்பதால், இரு மடங்கு மீறலாகத் தோன்றியது சிறு மீறலாகச் சுருங்குகிறது. மிக அடர்ந்த புகைக்கு இச்சூத்திரம் போதாது. வேறு கருவிகளுக்குப் பொருந்தவும் செய்யாது.

குளிரும் ஒரு தடை. பல கருவிகளில் உள்ள பிளான்டவர் உணரிக்கு உற்பத்தியாளர் தரும் கீழெல்லை மைனஸ் 10 பாகை. ஜனவரியில் மொன்றியல் அதற்கும் கீழே அடிக்கடி இறங்கும். பற்றரியும் விரைவில் தீரும். நடந்து அளக்கும் பணியை ஏப்ரல் முதல் நவம்பர் வரை வைத்துக்கொள்ளலாம்.

ஒரே கருவி வாங்கும் குடும்பத்துக்கு பர்ப்பிள்எயார் போதும். அயலவர் சேர்ந்து வாங்குவதாயின் அதோடு இரண்டு எயார்பீம் சேர்த்து, ஒரு வாரம் மூன்றையும் அருகருகே ஓடவிட்டு, வேறுபாட்டைக் குறித்துக்கொண்ட பிறகே தெருவில் இறங்க வேண்டும்.