கண் சத்திரசிகிச்சைக்கு வரும் இளம் வைத்தியருக்கு

யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் கண் கிளினிக்கில் ஒரு காலை ஓரமாக நின்று பாருங்கள். நெடுந்தீவிலிருந்து படகில் குறிகாட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்து, மகளின் தோளைப் பற்றியபடி ஓர் ஆச்சி நிற்பார். வெண்புரை. தேர்ந்த கை அரை மணித்தியாலத்துக்குள் சரிசெய்துவிடும். உலக சுகாதார அமைப்பின் 2019 அறிக்கைப்படி, குறைந்தது 100 கோடிப் பேரின் பார்வைக் குறைபாடு தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது. பற்றாதிருப்பது பழகிய கைகள்.

பாதை தெரிந்ததுதான்: எம்.பி.பி.எஸ்., உள்ளகப் பயிற்சி, மருத்துவ சபைப் பதிவு, கொழும்புப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை, எம்.டி., வெளிநாட்டுப் பயிற்சி. நிபுணராகும்போது முப்பது தாண்டியிருக்கும்; வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள். பரீட்சைக்கு முன் ஒரு கண் பிரிவில் சில மாதமாவது வேலை செய்யுங்கள். இரு கண்ணாலும் ஆழம் அறியும் திறன் உங்களுக்குச் சரியாக இருக்கிறதா என்றும் சோதித்துக்கொள்ளுங்கள்.

பெரிய வேலை கைப்பழக்கம். வில்லையின் பின்புறச் சவ்வு நடுவில் ஒரு மில்லிமீற்றரில் 200இல் ஒரு பங்குகூடத் தடிப்பில்லை. அதனால் முதலில் ஆட்டுக்கண். இறைச்சிக்கடையில் சொல்லி வைத்தால் அன்றைக்கே கிடைக்கும். நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, தலைமயிரிலும் மெல்லிய நூலால் தைத்துத் தைத்துப் பழகுங்கள். தியேட்டருக்குள் போனதும் கடைசிப் படியிலிருந்து தொடங்கக் கேளுங்கள்: முதலில் கண்ணுக்குள் இட்ட ஜெல்லைக் கழுவுவது, பிறகு லென்ஸ் வைப்பது, பிறகு புரையை வெளியே எடுப்பது; முன்சவ்வை வட்டமாகத் திறப்பதெல்லாம் பிந்தித்தான். கடினமானதை ஆசிரியர் முடித்துத் தந்த கண்ணில் நீங்கள் இலகுவானதைச் செய்தால் நோயாளிக்கு ஆபத்துக் குறைவு.

எல்லாரும் புரையை மீயொலியால் உடைக்கும் பாக்கோ மெஷினில்தான் முதலில் பழக ஆசைப்படுவார்கள். என் ஆலோசனை வேறு: தையல் வேண்டாத கைமுறைச் சத்திரசிகிச்சையை முதலில் கையில் ஏற்றுங்கள். கண்ணின் வெள்ளையில் ஆறேழு மில்லிமீற்றர் அகலத்தில் வெட்டும் சுரங்கம் தானே மூடிக்கொள்ளும். வருடக்கணக்கில் முற்றிக் கல்லாகிய பழுப்புப் புரைக்கு இதுதான் பொருத்தம். மெஷினும் உதிரிப்பாகமும் வேண்டாம். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்தும் உபகரணமும் இல்லாமல் சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போனதை நாங்கள் கண்டோம்.

இந்தக் கைமுறையைக் கற்க இலண்டனை விட மதுரை நல்லது என்பேன். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை பல நாட்டு வைத்தியர்களுக்கு இந்த முறையைக் கற்பிக்கிறது. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகு கத்தி பிடிக்கப் பழகி, இலட்சத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சை செய்தவர் அவர். அங்கே போனால் கத்தியை மட்டும் பார்க்காதீர்கள். கிராமத்துப் பெண்பிள்ளைகள் பயிற்சி பெற்று, பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியை ஆயத்தமாக வைத்திருப்பார்கள். சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு கண்ணை முடித்ததும் அங்கே திரும்புவார். இந்த ஒழுங்கை எழுதிக்கொண்டு வாருங்கள். 1992இல் தொடங்கிய அரவிந்தின் லென்ஸ் தொழிற்சாலையான அரோலாப், லென்ஸின் விலையை எப்படி இறக்கியது என்றும் கேட்டு வாருங்கள்.

நோயாளி விழித்திருப்பார், கண் மட்டும் மரத்திருக்கும். "அம்மா, அசையாதேங்கோ, இன்னும் கொஞ்சந்தான்" என்று நீங்கள் சொல்லும் விதத்தில் அவர் மூச்சு அடங்கும். தமிழில் வைத்தியம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல: 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியர்களைப் பயிற்றினார்.

செய்த ஒவ்வொரு கண்ணையும் கொப்பியில் எழுதுங்கள்: சவ்வு கிழிந்ததா, ஆறு கிழமைக்குப் பின் பார்வை எவ்வளவு. மறுநாள் கட்டை நீங்களே அவிழுங்கள். நெடுந்தீவு ஆச்சிக்கு அடுத்த கிளினிக் திகதி போடும்போது, திரும்பிப் போகும் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு நேரத்தை எழுதுங்கள்.