எந்த மரத்துக்கு எந்தப் பார்?

காட்பாடி



மரம் அறுக்கும் செயின் மெஷினில், செயினைத் தாங்கி ஓடவிடும் நீண்ட எஃகுத் தகட்டுக்குக் கைடு பார் என்று பெயர். அதன் விளிம்பைச் சுற்றிலும் காடி இருக்கும். செயினின் அடியில் நாக்குப் போல் நீளும் டிரைவ் லிங்க்குகள் அந்தக் காடிக்குள் ஓடும். எஞ்சின் எவ்வளவு நல்லதானாலும் பார் பொருந்தாவிட்டால் அறுப்பு கோணும், செயின் சீக்கிரம் தேயும், அறுப்பவருக்கும் ஆபத்து. கடைகளில் பலரும் விசாரிப்பதோ எஞ்சினின் சிசியையும் பாரின் நீளத்தையும் மட்டுமே.

அந்த நீளத்தில்தான் தவறும் அதிகம் நடக்கிறது. இங்கே மலிவாகக் கிடைக்கும் 58 சிசி மெஷின்கள் பெரும்பாலும் 22 அங்குலப் பாருடன் வருகின்றன. பாலாற்றுப் படுகையிலும் ஏரிக்கரைகளிலும் அதிகம் வெட்டப்படுவது சீமைக் கருவேலம். 1870களின் பிற்பகுதியில் கடப்பைப் பக்கம் விதைக்கப்பட்டு, பிறகு தமிழகம் முழுவதும் பரவிய மரம் அது. அடியிலேயே பல கிளைகளாகப் பிரியும். ஓர் அடிக்கு மேல் தண்டு பருப்பது குறைவு. கட்டை மட்டும் மிகக் கடினம். அதற்கு 16 அல்லது 18 அங்குலமே தாராளம். நீளப் பாரில் செயினை இழுக்கவே எஞ்சினின் சக்தி வீணாகும். அதைவிட முக்கியம், அறுப்பவர் கண்ணுக்குப் படாத முனை பின்னாலுள்ள கிளையில் போய் முட்டும். முனையின் மேல் கால்பகுதி எதிலாவது இடித்தால், செயின் கடித்து நின்று மெஷினையே முகத்தை நோக்கித் தூக்கி அடிக்கும். கண் இமைப்பதற்குள் நடந்துவிடும். கிளைகள் பின்னிக் கிடக்கும் கருவேலங்காட்டில் குட்டைப் பாரே பாதுகாப்பு. முனை குறுகலாக உள்ள பாரில் இந்த உதை இன்னும் குறையும். பருத்த புளியமரத்துக்கு என்ன செய்வது? 18 அங்குலப் பாரை வைத்தே, இருபுறமும் மாறி மாறி அறுத்து, இரண்டரை அடித் தண்டுவரை துண்டு போடலாம்.

நீளம் முடிவானபின் பாரின் கட்டுமானத்தைப் பார்க்க வேண்டும். மூன்று மெல்லிய தகடுகளை ஒன்றாக ஒட்டவைத்து, மூக்கில் ஒரு சிறு பல்சக்கரம் பொருத்தியது ஒரு வகை. எடையும் விலையும் குறைவு. தோப்பில் கிளை கழிக்கவும் விறகு வெட்டவும் இது போதும். ஆனால் மரம் சாய்ந்து பாரைக் கவ்விக்கொண்டால் எளிதில் வளைந்துவிடும். ஒரே கனத் தகட்டில் செய்து, மூக்கை மட்டும் கழற்றி மாற்றும்படி அமைத்தது இன்னொரு வகை. நாள் முழுதும் பெரிய மரம் அறுக்கும் காண்டிராக்ட்காரர்களுக்கு அது ஏற்றது. சக்கரம் தேய்ந்தால் மூக்கு மட்டும்தான் செலவு.

மூன்றாவது வகையில் சக்கரமே இல்லை. மூக்கின் விளிம்பில் ஸ்டெல்லைட் என்னும் கோபால்ட்-குரோமியக் கலப்புலோகம் ஏற்றியிருக்கும். செயின் அதன்மேல் வழுக்கி ஓடும். உராய்வு அதிகம், சூடும் அதிகம், எண்ணெய் குறையாமல் கவனிக்க வேண்டும். அப்படியிருந்தும் ஆற்றோர வேலைக்கு இதுவே சிறந்தது. தண்டைத் தரைமட்டத்தில் அறுக்கும்போதும் வேரை வெட்டும்போதும் மணல் பறந்து மூக்குக்குள் போகும். மணல் புகுந்த பல்சக்கரம் முதலில் கரகரக்கும், பிறகு இறுகும், கடைசியில் சிதறும். சக்கரம் இல்லாத மூக்கில் மணல் கெடுக்க ஒன்றுமில்லை.

பாரும் செயினும் ஒத்துப்போக மூன்று எண்கள் உண்டு. அவை பாரின் அடிப்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது பிட்ச். செயினில் அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளுக்கு இடையிலான தூரத்தில் பாதி அது, 0.325 அங்குலமும் 3/8 அங்குலமும் இங்கே பரவலானவை. எஞ்சினின் பல்சக்கரம், செயின், பாரின் மூக்குச் சக்கரம் மூன்றிலும் பிட்ச் ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டாவது காடியின் அகலம்: 1.1, 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர். 1.5 காடியில் 1.3 செயினைப் போட்டால் அது ஆடி ஆடிக் கோணலாக அறுக்கும், 1.6 செயின் உள்ளேயே இறங்காது. மூன்றாவது டிரைவ் லிங்க்குகளின் எண்ணிக்கை. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் செயின் சரியாக இறுகாது.

நல்ல பாரையும் கவனிப்பின்மை கெடுத்துவிடும். செயின் கழற்றும் ஒவ்வொரு முறையும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் இரு விளிம்புகளும் சமமாகத் தேயும். காடியில் அடைந்த தூளையும் பிசினையும் மெல்லிய தகட்டால் சுரண்டி, எண்ணெய்த் துளையைத் திறந்துவிட வேண்டும். விளிம்பில் எழும் பிசிறைத் தட்டை அரத்தால் ராவ வேண்டும். அந்தப் பிசிறு பிளேடு போல் கிழிக்கும். தோல் கையுறை அவசியம்; ஆம்பூர், வேலூர்ப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. வண்டியில் வடித்த பழைய எஞ்சின் ஆயிலைச் செயினுக்கு ஊற்றும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். அதிலுள்ள உலோகத் துகள்கள் காடியை அரித்துவிடும்.

கம்பெனிக்குக் கம்பெனி, பார் மாட்டும் துளையின் வடிவமும் எண்ணெய்த் துளையின் இடமும் மாறும். எண்கள் மூன்றும் ஒத்திருந்தாலும் வேறு கம்பெனிப் பார் மெஷினில் உட்காராமல் போகலாம். அதனால் புதுப் பார் வாங்கப் போகும்போது பழைய பாரையும் செயினையும் கையோடு எடுத்துப் போய், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும்.