அங்கோருக்குக் காரில் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுக்கோ

கம்போடியா போறதுன்னு முடிவாயிடுச்சு, நல்லது. டிராவல்ஸ்காரங்க திட்டம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்: சியெம் ரீப்பில் விமானத்தில் இறங்கு, ஒரே நாளில் அங்கோர் வாட், பாயோன், தா புரோம், மறுநாள் ஷாப்பிங். அதை ஓரமா வை. புனோம் பென்னில் இறங்கி, டிரைவரோடு கார் எடுத்துக்கிட்டு 6-ம் எண் நெடுஞ்சாலையில் போ. 315 கிலோமீட்டர்தான். நிறுத்தாமப் போனா ஆறு மணி நேரம். நீ முழு நாள் எடுத்துக்கோ.

உன் வீட்டுக்காரர் தானே ஓட்டறேன்னு கிளம்புவார். விடாதே. அங்கே வண்டி வலப்பக்கம் போகும். எதிரில் ஒரு பைக்கில் நாலு பேர், டிராக்டர், மாடு எல்லாம் வரும். வாடகை பேசும்போது பெட்ரோல், பார்க்கிங், டிரைவரோட ராத்திரிச் சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்துத்தானான்னு கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தா வாங்கிக்கோ. இருட்டினப்புறம் ஊர் விட்டு ஊர் போறதே வேண்டாம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினா எல்லாம் சரியா வரும்.

பாதி வழியில் கம்போங் தோம். அங்கிருந்து வடக்கே 30 கிலோமீட்டர் சுத்தினா சம்போர் பிரெய் குக். அங்கோர் வாட்டுக்கு ஐந்நூறு வருஷம் முந்தினது. 7-ம் நூற்றாண்டில் ஈசானவர்மன் ஆண்ட ஈசானபுரம். காட்டுக்குள் செங்கல் கோயில்கள், சிலது எட்டுப் பட்டை வடிவத்தில். 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, ஆனாலும் கூட்டம் கிடையாது. இதற்குத் தனி டிக்கெட். திரும்ப நெடுஞ்சாலைக்கு வந்தா, சியெம் ரீப்புக்கு முன்னாடி கம்போங் க்டெய்னு ஒரு ஊர். 12-ம் நூற்றாண்டுக் கல் பாலம் ஒண்ணு அங்கே இருக்கு, ரெண்டு பக்கமும் நாகம் படம் எடுத்த கைப்பிடிச் சுவர். பெரிய வண்டிகளுக்குப் புதுப்பாலம் போட்டுட்டாங்க. கால் மணி நேரம் இறங்கி நடந்துட்டு வா, காலும் நீட்டின மாதிரி இருக்கும்.

டிக்கெட் விஷயம் கவனமா கேள். அங்கோர் பாஸ் ஒரு நாளுக்கு 37 டாலர், மூணு நாளுக்கு 62. மூணு நாள் பாஸை பத்து நாளுக்குள் எந்த மூணு நாள் வேணும்னாலும் பயன்படுத்தலாம். அம்மாவும் வர்றாங்க இல்லையா, நடுவில் ஒரு நாள் அவங்க காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். 12 வயசுக்குக் கீழே குழந்தைகளுக்கு இலவசம், ஆனா பாஸ்போர்ட்டைக் காட்டணும். சாயங்காலம் 5 மணிக்கு மேல் கவுன்டரில் வாங்கினா மறுநாள் தேதிதான் போடுவாங்க, அன்னிக்கு அஸ்தமனம் பார்க்கவும் விடுவாங்க. கவுன்டர் அரை மணியில் மூடிடும், டிரைவர்கிட்ட முன்னாடியே சொல்லி வை. பாஸைக் காட்டினா கோயில் வளாகத்துக் கழிப்பறைக்குக் காசு கிடையாது.

அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். விடியற்காலை எல்லாரும் குளக்கரையில் செல்போனைத் தூக்கிக்கிட்டு நிப்பாங்க. கோபுரம் கறுப்பு நிழலாத்தான் விழும். அது அழகுதான், வேண்டாம்னு சொல்லலை. ஆனா கல்லோட முகம் தெரியணும்னா மதியம் மூணு மணிக்கு மேல் போ. காலையில் போறதா இருந்தா டிரைவரைக் கிழக்கு வாசலில் இறக்கிவிடச் சொல்லு. காடு மாதிரி பாதை, ஆள் குறைவு. உள்ளே நுழைஞ்சதும் கிழக்குப் பிராகாரத்தில் பாற்கடல் கடையற சிற்பம் காலை வெளிச்சத்தில் கிடைக்கும். 92 அசுரர், 88 தேவர், நடுவில் விஷ்ணு, கீழே ஆமை. சுவர் நீளத்துக்கு வாசுகி. இதை நின்னு நிதானமா பார்த்துட்டு மத்ததை ஓட்டமா பார்த்தாலும் நஷ்டமில்லை.

உச்சி மண்டபத்துக்குப் போற மரப்படி நட்டுக்குத்தா இருக்கும். அம்மா கீழேயே உட்காரட்டும். 12 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைகளை ஏறவும் விட மாட்டாங்க, அதனால யாராவது ஒருத்தர் துணைக்கு இருங்க. புத்த விசேஷ நாட்களில் அந்த மண்டபம் மூடியிருக்கும். தோளும் முட்டியும் மூடியிருக்கணும்; ஸ்லீவ்லெஸ் மேலே துப்பட்டா போர்த்தினா ஒத்துக்க மாட்டாங்க. கைவச்ச பருத்தி சுடிதார்தான் அங்கே சௌகரியம்.

போற இடத்தில் யாராவது "இது சோழர் கட்டினது"ன்னு வாட்ஸ்அப் வரலாறு எடுத்து விட்டா தலையாட்டிட்டு வராதே. கட்டினது கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன். நம்ம சம்பந்தம் பார்க்கணும்னா பன்டே ஸ்ரேக்குப் போ. கி.பி. 967-ல் குடமுழுக்கான கோயில், இளஞ்சிவப்புக் கல், நம்ம ஊர் தெருக்கோயில் அளவுதான். காலையிலேயே போ, வெயில் நேரா முகப்பில் விழும். கிழக்குக் கோபுர வாசலில் அண்ணாந்து பார்: ஆடற சிவன், அவர் காலடியோரம் வத்தின மார்போடு ஒரு பேயுருவப் பெண். காரைக்கால் அம்மையார்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. எட்டடி தூரத்திலேயே தெரியும், ஆனா கைடு இல்லாம வர்றவங்க பாதிப் பேர் தாண்டிப் போயிடறாங்க. டிரைவர் உள்ளே வந்து விளக்கக் கூடாது, உரிமம் வாங்கின கைடு தனி. இந்த ஒரு நாளுக்காவது கைடு வச்சுக்கோ, காசு வீண் போகாது.

அந்த வழியில் சாலையோரம் பெரிய கடாயில் பதநீர் காய்ச்சிக்கிட்டிருப்பாங்க. நம்ம ஊர்ல இருக்கிற அதே பனைமரம்தான். பில்லை பில்லையா ஓலையில் சுருட்டி வச்ச பனைவெல்லம் வாங்கு, பயணத்தில் பிள்ளைகளுக்கு வாயில் போட ஆகும். சைவம் சாப்பிடறவங்களுக்கு இன்னொரு வழி, மூங்கில் குழாயில் ஒட்டரிசி, பயறு, தேங்காய்ப்பால் வச்சுச் சுட்ட க்ரலான். ஓட்டலில் "காய் மட்டும்"னு சொன்னா போதாது, மீன் சாஸ் ஊத்தாதீங்கன்னு சேர்த்துச் சொல்லணும்.

டாலர் தாள் கசங்காம, ஓரம் கிழியாம இருக்கணும். லேசா கிழிஞ்சிருந்தாலும் கடைக்காரர் திருப்பித் தருவார். ஒண்ணு, அஞ்சு டாலரா நிறைய வச்சுக்கோ. மீதிச் சில்லறை ரியெலில் வரும், டாலருக்கு ஏறக்குறைய 4,000 கணக்கு.

பிள்ளைகளுக்கு லீவுன்னு ஏப்ரல் நடுவில் போட்டுடாதே. நம்ம சித்திரைப் பிறப்பு சமயம்தான் அவங்களுக்கும் புத்தாண்டு. ஊர் முழுக்க சொந்த கிராமத்துக்குக் கிளம்பும், சாலை நகராது, வெயிலும் உச்சத்தில். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்ல காலம்.

இன்னும் ஒரு நாள் இருந்தா கோ கெர் போகலாம், படிக்கட்டுப் பிரமிடு மாதிரி கோயில். அந்தப் பக்கம் போர்க்காலக் கண்ணிவெடி புதைச்ச பூமி. கோயிலைச் சுத்தி அகற்றிட்டாங்க, ஆனாலும் போட்ட பாதையை விட்டுக் காட்டுக்குள் ஒரு அடி வைக்காதே. வழியில் அவசரம்னு பிள்ளையை வயலோரம் ஒதுக்கவும் வேண்டாம், அடுத்த பெட்ரோல் பங்க் வரை பொறுத்துக்கச் சொல்லு. தாய்லாந்து எல்லையில் இருக்கிற பிரீயா விஹார் அருமையான மலைக்கோயில்தான். ஆனா 2025-ல் அங்கே சண்டை நடந்து, தரைவழி எல்லையையும் மூடினாங்க. பாங்காக்கிலிருந்து காரில் வரலாம்னு யாராவது பழைய கணக்குச் சொன்னா நம்பாதே. கிளம்பற வாரத்தில் தூதரக அறிவிப்பைப் பார்த்துக்கோ.