ஐந்து மாதம் ஓட்டிவிட்டு "ரிஜெக்ட்" என்றால் பணம் கிடைக்காதா?

கேள்வி: கோவையில் சிறு பட்டறை நடத்துகிறேன். பிளாஸ்டிக் குருணையைக் காற்றால் இழுத்துச் செல்லும் லைன்களுக்கு, உள்ளே ஓடுவது வெளியே தெரியும்படி பாலிகார்பனேட் பைப்பும் பெண்டும் டிராயிங் பார்த்துச் செய்து தருகிறேன். ஓசூரில் ஒரு மோல்டிங் கம்பெனிக்கு 24 பெண்டும் 60 மீட்டர் நேர் பைப்பும் கொடுத்தேன். பில் தொகை 6,40,000 ரூபாய். அவர்கள் ஆட்களே மாட்டிக்கொண்டார்கள். ஐந்து மாதமாக ஒரு புகாரும் இல்லை; பணமும் வரவில்லை. நெருக்கிக் கேட்டதும், பெண்டுகள் மங்கித் தேய்ந்துவிட்டன, இரண்டில் விரிசல், எனவே மொத்த ஆர்டரும் ரிஜெக்ட் என்று மெயில் போட்டார்கள். லைன் நின்ற நஷ்டம் என்று 9 லட்சத்துக்கு டெபிட் நோட்டும் வந்திருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தபோதுதான் கண்ணாடி இழை கலந்த நைலான் ஓட்டுவது தெரிந்தது. பி.ஓ.வில் "பிளாஸ்டிக் கிரானுல்ஸ்" என்று மட்டுமே இருக்கிறது. லைன் திருப்தியாக ஓடியபின் 90 நாளில் பணம், தகராறு வந்தால் பெங்களூரில் ஆர்பிட்ரேஷன் என்றும் போட்டிருக்கிறார்கள். என்னிடம் 2021 முதல் உத்யம் பதிவு உண்டு. என்ன செய்யலாம்?

— வாசகர், கோவை

பதில்: உங்கள் பணம் போய்விடவில்லை. சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான். ஒரே ஓர் இடத்தில் உங்களுக்குப் பலவீனம் இருக்கலாம். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் கெடு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, சரக்கு வந்து சேர்ந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்து மூலம் ஆட்சேபிக்காவிட்டால், டெலிவரி ஆன அன்றே ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். அதிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தைத் தள்ளிப்போட எந்த ஒப்பந்தத்துக்கும் அதிகாரமில்லை என்று 15-ஆவது பிரிவு சொல்கிறது. "திருப்தியாக ஓடியபின் 90 நாள்" என்ற வரி அந்த அளவுக்குச் செல்லாது. கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு வரவேண்டியது 18 சதவீதம். இந்த வட்டியை அவர்கள் வருமான வரியில் செலவாகவும் காட்ட முடியாது. இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே. நடுத்தர நிறுவனத்துக்குக் கிடையாது.

பெங்களூர் ஆர்பிட்ரேஷனை நினைத்துக் கலங்க வேண்டாம். இந்தச் சட்டத்தின் 18-ஆவது பிரிவில் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகும் உரிமை, ஒப்பந்தத்தில் உள்ள ஆர்பிட்ரேஷன் வரிக்கு மேலானது என்று 2022-இல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சப்ளை செய்பவர் இருக்கும் ஊரின் கவுன்சிலே விசாரிக்கலாம். வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் சரி. எனவே நீங்கள் கோவையிலேயே மனு போடலாம். சப்ளைக்குப் பிறகு பதிவு செய்தவர்களுக்குப் பழைய பில்களில் இந்தப் பலன் கிடைக்காது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. உங்கள் பதிவு முன்பே இருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. மாட்டித் தரும் வேலையையும் நீங்களே எடுத்திருந்தால், இது வேலை ஒப்பந்தம், இந்தச் சட்டம் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு ஒரு வாதம் கிளப்பும். அவர்கள் ஆட்களே மாட்டியது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று.

இனி தரம் பற்றிய சண்டை. 15 நாள் கடந்துவிட்டது என்பதாலேயே குறை சொல்லும் உரிமை முழுக்கப் போய்விடாது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, சரக்கை ஏற்று ஐந்து மாதம் ஓட்டியவர் அதைத் திருப்பித் தள்ள முடியாது. "ரிஜெக்ட்" என்ற சொல்லுக்கு இப்போது மதிப்பில்லை. ஆனால் குறை உண்மையென்று நிரூபித்தால் 59-ஆவது பிரிவின்படி விலையில் கழிவு கேட்கலாம், நஷ்டஈடும் கேட்கலாம். அவர்கள் இதைத்தான் பிடிப்பார்கள்.

அதற்கு உங்கள் பதில் 16-ஆவது பிரிவில் இருக்கிறது. சரக்கு எந்த உபயோகத்துக்கு என்பதை வாங்குபவர் தெரியப்படுத்தி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால் மட்டுமே, அந்த உபயோகத்துக்குப் பொருந்தும் என்ற பொறுப்பு விற்பவருக்கு வரும். சாதாரண குருணைக்கும் கண்ணாடி இழை கலந்த குருணைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பின்னது பெண்டின் வெளிவளைவில் மோதிமோதி பாலிகார்பனேட்டை அரைத்துவிடும். அதற்கு போரோசிலிகேட் கண்ணாடி பெண்டோ, தேய்மானம் தாங்கும் உலோகப் பெண்டோ கேட்டிருக்க வேண்டும். டிராயிங், ஆரம், தடிமன் எல்லாம் அவர்கள் கொடுத்தது, ஓடும் பொருளின் பெயரைச் சொல்லவில்லை என்றால், பொறுப்பு உங்கள் தலையில் விழாது. பலவீனம் என்று நான் சொன்னதும் இங்கேதான். ஆர்டருக்கு முன் வந்த ஏதாவது ஒரு மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ "கிளாஸ் ஃபில்டு நைலான்" என்று அவர்கள் எழுதி, நீங்கள் "தாங்கும் சார்" என்று பதில் போட்டிருந்தால் கதை மாறும். அதை முதலில் தேடிப் பாருங்கள். இருந்தால் அழிக்காதீர்கள், அவர்களிடமும் அது இருக்கும்.

விரிசலைத் தேய்மானத்தோடு சேர்த்துப் பேச விடாதீர்கள். பாலிகார்பனேட்டை தின்னரோ அசிட்டோனோ போட்டுத் துடைத்தால் விரிசல் விடும். கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்கினாலும் விடும். துடைக்க எதைப் பயன்படுத்தினார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். விரிசல் விட்ட இரண்டையும் தேய்ந்த ஒன்றையும் இரு தரப்பும் கையெழுத்திட்டு சீல் வைத்து, சென்னை கிண்டியில் உள்ள சிப்பெட் போன்ற ஆய்வகத்துக்கு அனுப்பக் கோருங்கள். அவர்கள் மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்குச் சாட்சியம். பெண்டுகளைச் சும்மா திருப்பி அனுப்பினால் வாங்கி வைக்காதீர்கள்; ஆய்வுக்காக மட்டும், குறையை ஒப்புக்கொள்ளாமல் என்று எழுதிவிட்டே வாங்குங்கள்.

9 லட்சம் டெபிட் நோட்டு ஒரு காகிதம், தீர்ப்பல்ல. லைன் எத்தனை மணி நேரம் நின்றது, ஏன் வேறு பெண்டு மாட்டவில்லை, நஷ்டம் எப்படிக் கணக்கிட்டது என்று அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதைக் கவுன்சிலில் எதிர்க்கோரிக்கையாக வைக்கலாம் என்று 2021-இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்திருப்பதால், அலட்சியம் செய்யாமல் உடனே எழுத்தில் மறுத்துவிடுங்கள். உங்களுக்குச் சாதகமாக அவார்டு வந்து, அதை எதிர்த்து அவர்கள் நீதிமன்றம் போனால் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். வீண் இழுத்தடிப்புக்கு இது நல்ல தடை.

இன்னொரு நெருக்கடியும் அவர்களுக்கு உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால், அதில் எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். ஐந்து மாதம் ஆகிவிட்டதால் அந்தத் தேதி நெருங்கிவிட்டது. நோட்டீஸில் இதைக் குறிப்பிடுங்கள். மிரட்டலாக வேண்டாம், தகவலாகவே எழுதுங்கள்.

அடுத்த ஆர்டரிலிருந்து கொட்டேஷனிலேயே மூன்று வரி போடுங்கள்: எந்தப் பொருள் ஓடும், எதைக்கொண்டு துடைக்கக் கூடாது, குழாயின் நிலைமின்சாரத்தை இறக்க எர்த் இணைப்பு யார் பொறுப்பு. கடைசி வரி பணத்தைவிட முக்கியம். தூசி பறக்கும் இடத்தில் பொறி பட்டால் ஆள் உயிர் போகும்.

பி.ஓ., டிராயிங், டெலிவரி சலான், இ-வே பில், உத்யம் சான்று, ஆர்டருக்கு முந்தைய மெயில்கள் ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து, இந்த மாதத்துக்குள் ஒரு வழக்கறிஞரிடம் காட்டி நோட்டீஸ் அனுப்புங்கள். விற்ற சரக்கின் விலையைக் கேட்க காலவரம்பு, பொதுவாக, டெலிவரி தேதியிலிருந்து மூன்று ஆண்டு.